லாட்ச், அன்லாட்ச் வெளியீடுகள்

லாட்ச், அன்லாட்ச் என்பவை தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கணினியின் லேடர் மொழியில் இணையாக வரும் இரண்டு வெளியீட்டுக் கட்டளைகள். லாட்ச் ஒரு பிட்டை, அதாவது 0 அல்லது 1 மட்டும் தங்கும் நினைவிடத்தை, 1 ஆக்கும். அதைத் தூண்டிய நிபந்தனை மறைந்தாலும் பிட் 1 ஆகவே நிற்கும். அன்லாட்ச் அதே பிட்டை 0 ஆக்கும். மறுபடி லாட்ச் தூண்டப்படும் வரை அது 0 ஆகவே இருக்கும். ஆலன்-பிராட்லி கருவிகளில் இவை ஓ.டி.எல்., ஓ.டி.யு. என்றும், சீமென்ஸ் கருவிகளில் எஸ், ஆர் காயில்கள் என்றும், மிட்சுபிஷியில் செட், ஆர்.எஸ்.டி. என்றும் வழங்கப்படுகின்றன. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: நடந்து முடிந்த ஒரு நிகழ்வை இயந்திரம் மறக்காமல் வைத்திருப்பது.

அடிப்படைச் செயல்பாடு

லேடர் நிரலில் இடப்பக்கம் நிபந்தனைகளாகிய காண்டாக்ட்டுகளும் வலப்பக்கம் விளைவாகிய காயிலும் இருக்கும். சாதாரணக் காயில் தன் நிபந்தனையை அப்படியே பின்தொடரும். நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை பிட் 1, பொய்யானதும் 0. வீட்டு வாசலில் உள்ள அழைப்பு மணியைப் போல, விரலை எடுத்தால் ஓசை நின்றுவிடும்.

லாட்ச் காயிலுக்கு நிபந்தனை ஒரே ஒரு ஸ்கேன் அளவு, அதாவது நிரல் ஒரு சுற்று ஓடும் நேரம், உண்மையாக இருந்தால் போதும். அதற்குப் பிறகு நிபந்தனை பொய்யானால் லாட்ச் காயில் பிட்டை 0 ஆக்காது. அதைத் தொடாமலே விட்டுவிடும். அன்லாட்ச் காயிலும் நிபந்தனை பொய்யாக இருக்கும்போது எதையும் செய்யாது. ஆகவே ஒரு ஜோடிக்கு நான்கு நிலைகள் உண்டு:

1. லாட்ச் பொய், அன்லாட்ச் பொய்: பிட் முன்பு இருந்தபடியே இருக்கும்.
2. லாட்ச் உண்மை, அன்லாட்ச் பொய்: பிட் 1.
3. லாட்ச் பொய், அன்லாட்ச் உண்மை: பிட் 0.
4. இரண்டும் உண்மை: நிரலில் எந்தக் கட்டளை பின்னால் வருகிறதோ அதன் முடிவே நிலைக்கும்.

முதல் நிலையில்தான் இந்தக் கட்டளைகளின் பயன் முழுவதும் இருக்கிறது. நான்காம் நிலையில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

வரலாறு

லாட்ச் கட்டளையின் மூதாதை மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சாகிய ரிலே. அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835இல் ரிலேயைச் செய்து காட்டினார். தந்தி வளர்ந்தபோது ரிலேயும் வளர்ந்தது. இந்தியாவில் தந்தியின் வரலாறு கொல்கத்தாவில் தொடங்குகிறது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷாக்னசி 1839இல் அந்நகருக்கு அருகே சோதனைத் தந்திக் கம்பி அமைத்தார். 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி வேலை செய்யத் தொடங்கியது.

சாதாரண ரிலே மின்சாரம் போனதும் ஸ்பிரிங்கின் இழுப்பால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். திரும்பாமல் நிற்க வேண்டிய இடங்களுக்காகப் பூட்டும் ரிலே உருவானது. அதில் இரண்டு காயில்கள். ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்தால் ஆர்மேச்சர் இழுபட்டு ஒரு கொக்கியிலோ நிலைக்காந்தத்திலோ பிடிபட்டு நிற்கும். மற்றொன்றுக்குக் கொடுத்தால் பிடி விடுபடும். ரயில்வே சிக்னல் அறைகள் இத்தகைய ரிலேக்களை நெடுங்காலமாக நம்பி வந்திருக்கின்றன. மின்னணு உலகில் இதே நினைவாற்றலை எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் 1918இல் வெற்றிடக் குழல்களைக் கொண்டு உருவாக்கினர். பிளிப்-பிளாப் என்று இன்று படிக்கும் சுற்று அதுவே.

கார் தொழிற்சாலைகளில் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களைப் பிரித்து மீண்டும் ஒயரிங் செய்வது பெரும் செலவாக இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு அதற்கு மாற்று தேடியது. பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் இருந்த டிக் மார்லி 1968 ஜனவரி 1 அன்று அத்தகைய கருவியின் வடிவத்தை எழுதி வைத்தார். அதிலிருந்து 1969இல் வந்தது மோடிகான் 084 என்ற பி.எல்.சி. பேனல் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன்கள் புதிதாக ஒரு கணினி மொழியைக் கற்காமலே படிக்கும்படி, ரிலே வரைபடத்தின் தோற்றத்திலேயே அதன் நிரல் எழுதப்பட்டது. பூட்டும் ரிலேயின் இரண்டு காயில்களும் இரண்டு கட்டளைகளாக லேடர் மொழிக்குள் வந்தன. லாட்ச், அன்லாட்ச் இன்றும் தனித்தனி வரிகளில் ஜோடியாக எழுதப்படுவதற்கு இதுவே காரணம். பி.எல்.சி. மொழிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 61131-3 முதன்முதலில் 1993இல் வெளியானது. அது செட், ரீசெட் காயில்களையும், எஸ்.ஆர்., ஆர்.எஸ். என்ற இரண்டு பிளாக்குகளையும் வரையறுத்தது.

ஸ்கேன் சுழற்சி

பி.எல்.சி. மூன்று வேலைகளை ஓயாமல் சுற்றிச் சுற்றிச் செய்கிறது: உள்ளீடுகளைப் படிப்பது, நிரலை மேலிருந்து கீழாக வரிவரியாகத் தீர்ப்பது, முடிவுகளை வெளியீட்டு முனைகளுக்கு அனுப்புவது. ஒரு சுற்று பெரும்பாலும் சில மில்லி வினாடிகளில் முடிந்துவிடும்.

லாட்ச் வரி மேலேயும் அன்லாட்ச் வரி கீழேயும் இருந்து, இரண்டின் நிபந்தனைகளும் ஒரே ஸ்கேனில் உண்மையானால் பிட் முதலில் 1 ஆகும், பிறகு 0 ஆகும். பல கருவிகளில் வெளியீட்டு முனைக்குக் கடைசி முடிவு மட்டுமே போய்ச் சேரும், அந்த முனை இயக்கும் மோட்டார் அசையாது. ஆனால் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள வரிகள் பிட்டை 1 என்றே படித்துவிடும். அங்கே ஒரு கவுன்டர் இருந்தால் எண்ணிக்கை கூடிவிடும். கன்ட்ரோல்லாஜிக்ஸ் போன்ற கருவிகளில் வெளியீடுகள் ஸ்கேனோடு ஒத்திசையாமல் தனியே புதுப்பிக்கப்படுவதால், நடுவில் தோன்றிய அந்த 1 வெளியே போய்விடவும் வாய்ப்பு உண்டு. ஆகவே ஒரு பிட்டின் லாட்ச், அன்லாட்ச் வரிகளை அடுத்தடுத்து எழுதுவது நல்ல நிரலின் முதல் அடையாளம்.

கொல்கத்தாவை முன்வைத்து ஓர் எடுத்துக்காட்டு

லாட்ச், அன்லாட்ச் ஏன் தேவை என்பதைக் கொல்கத்தாவின் நிலவியல் தெளிவாகக் காட்டுகிறது. நகரம் ஹூக்ளி ஆற்றின் கரையில் இருந்தாலும் நிலம் ஆற்றை நோக்கிச் சரியவில்லை. கிழக்கே சதுப்பு நிலங்களை நோக்கிச் சரிகிறது. பொறியாளர் வில்லியம் கிளார்க் 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வகுத்த வடிகால் அமைப்பு இந்தச் சரிவையே அடிப்படையாகக் கொண்டது. நிலத்தடிச் சாக்கடைகளில் வரும் கழிவுநீரும் மழைநீரும் பாமர் பஜார், பாலிகஞ்ச் போன்ற பம்பிங் நிலையங்களில் மேலேற்றப்பட்டு, கிழக்கு நோக்கிய கால்வாய்களில் விடப்பட்டு, குல்டி ஆற்றை நோக்கிச் செல்கின்றன. வழியில் உள்ள கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்கள், ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புடன், 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஹூக்ளியில் கடல் ஓதம் ஏறும் நேரத்தில் ஆற்றுநீர் ஊருக்குள் புகாமல் இருக்க ஆற்றோர மதகுகள் மூடப்படுகின்றன. அந்த நேரத்தில் கனமழை பெய்தால் நீர் வடிய வழியின்றித் தேங்கும்.

இத்தகைய பம்பிங் நிலையத்தில், நீர் வந்து சேரும் குழியாகிய சம்பில் உள்ள ஒரு பம்பை எடுத்துக்கொள்வோம். பின்வரும் நிரல் விளக்கத்துக்காக அமைத்த மாதிரி. எந்த நிலையத்தின் நிரலும் அல்ல. சம்பில் இரண்டு மிதவை சுவிட்சுகள் உள்ளன. மேல் மிதவை 3 மீட்டரில், கீழ் மிதவை 1 மீட்டரில்.

ஒரே மிதவையும் ஒரு சாதாரணக் காயிலும் வைத்தால் என்ன ஆகும்? நீர் மேல் மிதவையைத் தொட்டதும் பம்பு ஓடும், சில அங்குலம் இறங்கியதும் நிற்கும், உடனே நீர் ஏறும், மீண்டும் ஓடும். இண்டக்‌ஷன் மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது அது இழுக்கும் மின்னோட்டம் வழக்கமான அளவைப் போல 5 முதல் 8 மடங்கு. அடிக்கடி ஸ்டார்ட் ஆனால் வைண்டிங் சூடேறி எரியும், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டரின் முனைகள் தேயும். ஓடத் தொடங்கும் மட்டமும் நிற்கும் மட்டமும் வேறாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நீர் இருக்கும்போது, அது ஏறிக்கொண்டிருக்கிறதா, பம்பு இழுத்து இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதை மிதவைகள் சொல்லாது. முன்பு நடந்ததை நினைவில் வைத்திருக்கும் ஒரு பிட்தான் சொல்லும்.

வரி 1: மேல் மிதவை எழுந்தால், ‘பம்பு தேவை’ பிட்டை லாட்ச் செய்.
வரி 2: கீழ் மிதவை விழுந்தால், அல்லது ஸ்டாப் அழுத்தப்பட்டால், அல்லது ஓவர்லோடு ட்ரிப் ஆனால், ‘பம்பு தேவை’ பிட்டை அன்லாட்ச் செய்.
வரி 3: ‘பம்பு தேவை’ 1 ஆகவும், வெளியேற்றும் மதகு திறந்தும், ஓவர்லோடு இல்லாமலும் இருந்தால், பம்பு கான்டாக்டரை சாதாரணக் காயிலால் இயக்கு.

மூன்றாம் வரி மிக முக்கியமானது. லாட்ச் செய்யப்பட்டது ‘தேவை’ என்ற உள் நினைவு மட்டுமே. மோட்டாரைத் தொடும் காயில் சாதாரணக் காயில். மதகு மூடினால் பம்பு அந்த ஸ்கேனிலேயே நிற்கும். தேவை மட்டும் நினைவில் இருக்கும். மதகு திறந்ததும் பம்பு மீண்டும் ஓடும். மாறாக, ஓவர்லோடு ட்ரிப் தேவையையே அழித்துவிடுகிறது. கோளாறு நீங்கியதும் மோட்டார் தானாக ஓடக் கூடாது என்பதே நோக்கம். ஆனால் ஓவர்லோடு ரிலே ஆறித் தானாக ரீசெட் ஆகும்போது மேல் மிதவை இன்னும் எழுந்தே இருந்தால், முதல் வரி தேவையை மறுபடி லாட்ச் செய்துவிடும். அதைத் தடுக்க ட்ரிப்பைத் தனியொரு பிட்டில் லாட்ச் செய்து, ஆபரேட்டர் ரீசெட் அழுத்தினால் மட்டும் அது விடுபடும்படி எழுதி, மூன்றாம் வரியில் தடையாகச் சேர்ப்பதே முழுமையான தீர்வு. ஸ்டாப் பட்டனுக்கும் இதே சிக்கல் உண்டு, இதே மருந்துதான்.

நீரை வெளியேற்றும் சம்புக்கும் நீரை நிரப்பும் மேல்தொட்டிக்கும் தர்க்கம் தலைகீழ். கொல்கத்தாவின் டாலா தொட்டி 1911இல் பயன்பாட்டுக்கு வந்தது. 110 அடி உயரத்தில் 90 லட்சம் கேலன் நீரைத் தாங்குகிறது. பால்டாவில் சுத்திகரிக்கப்பட்ட நீர் அதற்கு ஏற்றப்படுகிறது. அத்தகைய தொட்டிக்கு நிரல் எழுதினால் கீழ்மட்டம் லாட்ச் செய்யும், மேல்மட்டம் அன்லாட்ச் செய்யும்.

ஹோல்டிங் காண்டாக்ட்டுடன் ஒப்பீடு

லாட்ச் இல்லாமலும் நினைவை உருவாக்கலாம். மோட்டார் ஸ்டார்ட்டரில் ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாகக் கான்டாக்டரின் துணைக் காண்டாக்ட்டைக் கோர்ப்பது எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் அறிந்த முறை. பட்டனை விட்ட பிறகும் கான்டாக்டர் தன் காண்டாக்ட் வழியாகத் தானே தன்னைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டாப் அழுத்தினாலோ மின்சாரம் போனாலோ பிடி விட்டுவிடும். மின்சாரம் திரும்பினாலும் மறுபடி ஸ்டார்ட் அழுத்த வேண்டும். லேடரிலும் இதையே சாதாரணக் காயிலைக் கொண்டு எழுதலாம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மின்சாரம் போகும்போது தெரியும். ஹோல்டிங் முறை மறந்துவிடும். லாட்ச் முறை, கருவியைப் பொறுத்து, மறக்காமல் இருக்கலாம். சுழலும், வெட்டும், அழுத்தும் இயந்திரங்களுக்கு மறதியே பாதுகாப்பு. எந்தக் கட்டத்தில் வேலை நின்றது, எந்தத் தொட்டி நிரம்பியது, எந்தக் கோளாறு முதலில் வந்தது போன்ற செய்திகளுக்கு நினைவே பாதுகாப்பு.

இரண்டிலும் ஒரு ஒயரிங் விதி பொது. ஸ்டாப் பட்டன் களத்தில் மூடிய காண்டாக்ட்டாகவே இருக்க வேண்டும். அழுத்தும்போதும் சரி, ஒயர் அறுந்தாலும் சரி, உள்ளீடு 0 ஆகி அன்லாட்ச் தூண்டப்படும். திறந்த காண்டாக்ட்டை வைத்தால் அறுந்த ஒயரை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆபத்து நேரத்தில் ஸ்டாப் வேலை செய்யாது.

முன்னுரிமையும் நிறுவன வேறுபாடுகளும்

லாட்ச், அன்லாட்ச் தனித்தனி வரிகளாக இருக்கும்போது பின்னால் வருவதே வெல்லும். இரண்டும் ஒரே பிளாக்காக இருக்கும்போது எது வெல்லும் என்பதை பிளாக்கே தீர்மானிக்கும். ஐ.இ.சி. தரத்தில் எஸ்.ஆர். பிளாக்கில் செட் வெல்லும், ஆர்.எஸ். பிளாக்கில் ரீசெட் வெல்லும். சீமென்ஸ் ஸ்டெப் 7இல் இது நேர் எதிர்: எஸ்.ஆர். பிளாக்கில் ரீசெட் வெல்லும், ஆர்.எஸ். பிளாக்கில் செட் வெல்லும். ஒரு நிறுவனத்தின் நிரலை இன்னொன்றுக்கு மாற்றுபவர்கள் பெயரை மட்டும் பார்த்து மாற்றினால் இயந்திரத்தின் நடத்தையே மாறிவிடும். நம்பத்தக்க அடையாளம் ஒன்று உண்டு: எந்த உள்ளீட்டின் பெயருக்குப் பின்னால் 1 என்ற எண் இருக்கிறதோ அதுவே வெல்லும் உள்ளீடு. ஓம்ரானின் கீப் கட்டளையில் ரீசெட்டே வெல்லும்.

மோட்டார், ஹீட்டர், வால்வு போன்ற வெளியீடுகளுக்கு ரீசெட் வெல்ல வேண்டும். கோளாறுப் பதிவுகளுக்கு செட் வெல்ல வேண்டும். கோளாறு நீடிக்கும்போது ஆபரேட்டர் ரீசெட்டை அழுத்திக்கொண்டே இருந்தாலும் பதிவு அழியக் கூடாது.

மின்தடையும் மறு இயக்கமும்

லாட்ச் செய்த பிட் மின்தடைக்குப் பிறகும் இருக்குமா என்பதற்கு எல்லாக் கருவிக்கும் பொதுவான பதில் இல்லை. ஆலன்-பிராட்லி கருவிகளில் இயக்கம் தொடங்கும்போது ஒரு முன்-ஸ்கேன் நடக்கும். அதில் சாதாரணக் காயிலின் பிட்டுகள் 0 ஆக்கப்படும். லாட்ச் காயிலின் பிட்டுகள் தொடப்படாது. சீமென்ஸில் எஸ் காயிலுக்கென்று தனி நினைவு கிடையாது. அந்த நினைவுப் பகுதி தக்கவைக்கப்பட வேண்டியது என்று அமைக்கப்பட்டிருந்தால் மட்டுமே பிட் தப்பும். மிட்சுபிஷியில் சாதாரண உள் ரிலேக்கள் அழியும். லாட்ச் வகை என ஒதுக்கப்பட்ட ரிலேக்கள் காக்கப்படும். நிரலின் ஒரு பகுதியை மொத்தமாக அணைக்க உதவும் மாஸ்டர் கன்ட்ரோல் ரிலே எல்லைக்குள் எழுதிய வரிகளிலும் இதே வேறுபாடு உண்டு: எல்லை அணைக்கப்பட்டால் சாதாரணக் காயில்கள் அணையும், லாட்ச் பிட்டுகள் கடைசி நிலையிலேயே நிற்கும்.

இது ஏட்டளவான கவலை அல்ல. 2025 செப்டம்பர் 23 அன்று காலை வரையிலான 24 மணி நேரத்தில் கொல்கத்தாவில் 251.4 மில்லிமீட்டர் மழை பதிவானது. வெள்ளம் சூழ்ந்த தெருக்களில் மின்சாரம் தாக்கிப் பலர் உயிரிழந்தனர்; பல பகுதிகளில் மின்வழங்கல் நிறுத்தி வைக்கப்பட்டது. இப்படியொரு நாளில் மின்சாரம் திரும்பும் கணத்தில் ஒரு பம்பு என்ன செய்யும் என்பது உயிர் சார்ந்த கேள்வி. தானாக ஓடாவிட்டால் தெரு மூழ்கும். எச்சரிக்கையின்றி ஓடினால், அடைப்பை நீக்க உள்ளே கை வைத்திருப்பவர் சிதைவார்.

நல்ல நிரல் இரண்டையும் கருத்தில் கொள்ளும். பி.எல்.சி. ஓடத் தொடங்கும் முதல் ஸ்கேனில் மட்டும் 1 ஆகும் பிட்டைக் கொண்டு எல்லா இயக்க லாட்ச்களையும் விடுவிக்க வேண்டும். பிறகு எச்சரிக்கை மணி ஒலிக்க, குறித்த நேரம் கழித்து, மேல் மிதவை எழுந்திருந்தால் மட்டும் தேவை மீண்டும் லாட்ச் ஆக வேண்டும். பல பம்புகள் இருந்தால் ஒவ்வொன்றும் இடைவெளி விட்டு ஓடத் தொடங்க வேண்டும். எல்லாம் ஒன்றாக ஸ்டார்ட் ஆனால் மின்னழுத்தம் சரிந்து மறுபடியும் ட்ரிப் ஆகும். பழுது பார்ப்பவர்களின் பாதுகாப்பு நிரலில் இல்லை; ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்திருப்பதில் இருக்கிறது.

கோளாறுப் பதிவு

லாட்ச் மிகுந்த நன்மை தரும் இடம் கோளாறுப் பதிவு. எண்ணெய் அழுத்தம் அரை வினாடி குறைந்து இயந்திரம் நின்றுவிட்டது என்று கொள்வோம். ஆபரேட்டர் பேனலுக்கு வரும்போது அழுத்தம் சரியாகியிருக்கும், காரணம் தெரியாது. அந்தக் கணத்தை லாட்ச் செய்து வைத்தால் விளக்கு எரிந்துகொண்டே காத்திருக்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல கோளாறுகள் வரும்போது முதலில் வந்ததை மட்டும் தனியே லாட்ச் செய்வதும் வழக்கம். மூல காரணம் அதிலிருந்தே தெரியும். இத்தகைய எச்சரிக்கை வரிசைகளுக்கு ஐ.எஸ்.ஏ. 18.1 என்ற தரம் 1979 முதல் உண்டு.

பாதுகாப்பு விதிகள்

இயந்திரங்களின் மின் அமைப்புக்கான ஐ.இ.சி. 60204-1 தரம், மின்சாரம் திரும்பும்போது ஆபத்து விளைவிக்கும் வகையில் இயந்திரம் தானாக ஓடுவதைத் தடுக்கச் சொல்கிறது. அவசர நிறுத்தத்துக்கான ஐ.எஸ்.ஓ. 13850 தரத்தின்படி, அவசர பட்டனை விடுவிப்பது மட்டுமே இயந்திரத்தை ஓட வைத்துவிடக் கூடாது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவு, தற்செயலாக ஆஃப் நிலையிலிருந்து ஆன் நிலைக்கு நகரக்கூடிய மின்துண்டிப்புக் கருவியைப் பாதுகாப்பான நிலையில் பூட்டி வைக்க வகைசெய்யக் கோரியது. சாதாரண பி.எல்.சி.யின் அன்லாட்ச் கட்டளை அவசர நிறுத்தத்துக்கு ஈடாகாது. அவசர பட்டன் நேரடி ஒயரிங்காலோ, பாதுகாப்பு ரிலேயாலோ, சான்று பெற்ற பாதுகாப்பு பி.எல்.சி.யாலோ மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். நிரலுக்குச் செய்தி மட்டும் தெரிவிக்க வேண்டும்.

நிரலாக்க நெறிகள்

ஒவ்வொரு லாட்சுக்கும் ஓர் அன்லாட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். அது எட்டக்கூடிய நிபந்தனையாகவும் இருக்க வேண்டும். ஒரே பிட்டைச் சாதாரணக் காயிலாலும் லாட்ச் காயிலாலும் எழுதக் கூடாது. சாதாரணக் காயில் ஒவ்வொரு ஸ்கேனிலும் பிட்டை மாற்றி எழுதி லாட்சைப் பயனற்றதாக்கிவிடும். ஒரு பிட்டின் லாட்ச்களை நிரலெங்கும் சிதறவிடக் கூடாது. வெளியீட்டு முனையை நேரடியாக லாட்ச் செய்யாமல் உள் பிட்டை லாட்ச் செய்து, சாதாரணக் காயில் வழியாக வெளியே அனுப்ப வேண்டும். நிரலைச் சோதிக்கும்போது மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தித் திருப்பிப் பார்க்க வேண்டும், பி.எல்.சி.யை நிறுத்த நிலைக்கு மாற்றித் திரும்ப ஓடவிட்டும் பார்க்க வேண்டும்.

லாட்ச் எழுதும் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்திருக்க வேண்டும்: இதை எது விடுவிக்கும், இரண்டும் ஒன்றாக வந்தால் எது வெல்லும், மின்சாரம் திரும்பும்போது இது எந்த நிலையில் இருக்கும். இந்தப் பதில்கள் நிரலின் குறிப்பில் இல்லாத லாட்ச், எவ்வளவு நாள் ஒழுங்காக ஓடியிருந்தாலும், முடிக்கப்படாத வேலையே.